வளைவு சொல்லாத வேகம்

ஒளி ஒரு பொருளிலிருந்து இன்னொரு பொருளுக்குள் நுழையும்போது ஏன் திசை மாறுகிறது? இதுதான் இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். இது பள்ளிக்கூடப் பாடம்தானே என்று சிலர் நினைக்கலாம். பாடம்தான். ஒளி எவ்வளவு திரும்பும் என்பதற்கு ஒரு சூத்திரம் உண்டு. அதை நாம் எல்லோரும் மனப்பாடம் செய்து மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறோம். ஆனால் 'எவ்வளவு' என்பது தெரிந்த பிறகும் 'ஏன்' என்பது இருநூறு ஆண்டுகளுக்கு மேல் தீராத வழக்காகவே கிடந்தது. அந்த இருநூறு ஆண்டுகளில் பேரறிஞர்கள் இரண்டு காரணங்களைச் சொன்னார்கள். ஒன்று கிழக்கே போனால் மற்றது மேற்கே போனது. ஆனால் இரண்டிலிருந்தும் அதே சூத்திரம்தான் வந்தது! அப்படியானால், கணக்கு சரியாக வந்துவிட்டது என்பதால் காரணமும் சரி என்று சொல்லிவிட முடியுமா? முடியாது என்பதே என் வாதம். ஒளிவிலகலின் வரலாறு அதற்குத் தரும் சாட்சியங்களை இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

ஒரு பித்தளைக் கிண்ணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அடியில் ஒரு நாணயத்தை வையுங்கள். கிண்ணத்தின் விளிம்பு நாணயத்தைச் சரியாக மறைக்கும் வரை தலையைப் பின்னால் நகர்த்துங்கள். இப்போது தலையை அசைக்காமல், பக்கத்தில் இருப்பவரை மெதுவாகத் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். நீர் ஏற ஏற, மறைந்திருந்த நாணயம் விளிம்புக்கு மேல் கொஞ்சம் கொஞ்சமாக எழுந்து வரும். நாணயம் நகரவில்லை, உங்கள் கண்ணும் நகரவில்லை. நாணயத்திலிருந்து புறப்பட்ட ஒளி நீரைவிட்டு வெளியேறும் இடத்தில் திரும்பி உங்கள் கண்ணை அடைகிறது. இரண்டாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த தாலமி இந்தச் சோதனையைத் தம் ஒளியியல் நூலில் எழுதிவைத்தார். அதோடு அவர் நிற்கவில்லை. பாகைகள் குறித்த ஒரு வட்டத் தகட்டைப் பாதி நீரில் அமிழ்த்தி, பத்துப் பத்துப் பாகையாகக் கோணங்களை அளந்தார். காற்றில் 10, 20, 30 என்று 80 வரை ஏறும் கோணங்களுக்கு நீரில் அவர் தந்த கோணங்கள் இவை: 8, 15½, 22½, 29, 35, 40½, 45½, 50. இந்த எண்களைச் சற்று நிதானமாகப் பாருங்கள். ஒவ்வொன்றையும் அடுத்ததிலிருந்து கழித்தால் 7½, 7, 6½, 6, 5½, 5, 4½ என்று வருகிறது. ஒவ்வொரு படியிலும் மிகச் சரியாக அரைப் பாகை குறைகிறது! அளவீடு இவ்வளவு அழகாக அமையுமா? அமையாது. நடுவில் உள்ள எண்கள் உண்மைக்கு மிக அருகில் இருக்கின்றன. 60 பாகைக்கு அவர் சொன்ன 40½ இன்றைய கணக்கோடும் ஒத்துப்போகிறது. ஆனால் 80 பாகைக்கு 50 என்கிறார். உண்மையில் நீரில் 47½ பாகை அளவில்தான் வரும். அளந்த எண்களைத் தம் மனத்திலிருந்த ஓர் ஒழுங்குக்குள் அவர் பொருத்தியிருக்கிறார் என்றே கொள்ள வேண்டியிருக்கிறது. இதைக் குறைசொல்லும் நோக்கத்தில் நான் குறிப்பிடவில்லை. ஒளிவிலகலை எண்ணால் பிடிக்க முயன்ற முதல் பெரும் முயற்சி அது. அதன் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆயினும் எண்கள் ஒழுங்காக வந்தால் உண்மையும் வந்துவிட்டது என்ற மயக்கம் இந்தத் துறையில் முதல் நாளிலேயே தொடங்கிவிட்டது என்பதை நாம் குறித்துக்கொள்ள வேண்டும்.

சரியான விதி பிறகு வந்தது. ஒரு முறை அல்ல, பல முறை வந்தது. 984-ஆம் ஆண்டளவில் பாக்தாதில் இப்னு சஹல் என்ற கணித அறிஞர் வில்லைகளை வடிவமைப்பதற்காக வரைந்த படத்தில் அந்த விதி இருக்கிறது. அவருடைய நூலின் ஏடுகள் தெஹ்ரானிலும் டமாஸ்கஸிலும் பிரிந்து கிடந்தன. அவற்றை ஒன்றுசேர்த்துப் படித்து ருஷ்தி ராஷித் என்ற வரலாற்றறிஞர் உலகுக்குச் சொன்னது 1990-ஐ ஒட்டித்தான். இங்கிலாந்தில் தாமஸ் ஹாரியட் பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அதைக் கண்டார், அச்சிடவில்லை. ஹாலந்தில் லெய்டன் நகரத்து ஸ்நெல் 1621-இல் கண்டார். அவரும் அச்சிடாமலேயே மறைந்தார். 1637-இல் பிரான்சின் டெகார்ட் அச்சேற்றினார். விதி இதுதான்: குத்துக்கோட்டோடு ஒளி உண்டாக்கும் இரண்டு கோணங்களின் சைன் மதிப்புகளை வகுத்தால், எந்தக் கோணத்தில் ஒளி வந்தாலும் ஒரே ஈவு கிடைக்கும். காற்றிலிருந்து நீருக்குள் என்றால் அது ஏறக்குறைய நாலுக்கு மூன்று. சாதாரணக் கண்ணாடிக்கு மூன்றுக்கு இரண்டு. வைரத்துக்கு 2.42. இதைத்தான் ஒளிவிலகல் எண் என்கிறோம். 'எவ்வளவு' என்ற கேள்வி இத்தோடு தீர்ந்தது.

'ஏன்' என்ற கேள்வியோ அப்போதுதான் சூடுபிடித்தது! டெகார்ட் ஒளியை ஒரு பந்தாக நினைத்துப் பார்த்தார். பரப்பைச் சாய்வாகத் தாக்கும் பந்தின் வேகத்தை இரண்டாகப் பிரிக்கலாம்: பரப்பை ஒட்டிய வேகம் ஒன்று, பரப்புக்குச் செங்குத்தான வேகம் ஒன்று. ஒட்டிய வேகம் மாறுவதில்லை. அப்படியிருக்க நீருக்குள் ஒளி குத்துக்கோட்டை நோக்கித் திரும்புகிறது என்றால், செங்குத்தான வேகம் கூடியிருக்க வேண்டும். ஆகவே நீரில் ஒளி இன்னும் எளிதாக, இன்னும் விரைவாகப் போகிறது என்றார். பிற்பாடு நியூட்டன் இதற்கு உறுதியான அடித்தளம் போட்டார். ஒளி என்பது நுண்துகள்கள். நீரின் பரப்பை நெருங்கும்போது நீர் அவற்றைத் தன்பால் இழுக்கிறது. இழுக்கப்பட்ட துகள் வேகம் கூடித் திரும்புகிறது. இதை விரித்தால் சைன் விதி பிசகாமல் வருகிறது. எறிந்த கல்லையும் சுற்றும் கோளையும் இழுவிசையால் விளக்கிய மனிதர் ஒளியையும் ஓர் இழுவிசையால் விளக்கும்போது, யாருக்குத்தான் நம்பத் தோன்றாது? 1704-இல் அவருடைய ஒளியியல் நூல் வெளிவந்த பிறகு, ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக் காலம் இந்தக் கருத்தே கோலோச்சியது.

எதிர்த் தரப்பில் நின்றவர் பியர் ஃபெர்மா. தொழிலால் நீதிமன்ற அதிகாரி, உள்ளத்தால் கணித மேதை. டெகார்டின் நிரூபணத்தை அவரால் ஏற்கவே முடியவில்லை. ஒளி ஒரு கணமும் எடுக்காமல் பரவுகிறது என்று சொல்லிக்கொண்டே அதன் வேகம் கூடுகிறது, குறைகிறது என்று எப்படி வாதிடலாம்? அது மட்டுமா, அடர்ந்த பொருளில் ஒளி விரைகிறது என்பது அவருக்கு இயல்புக்கே மாறாகப் பட்டது. அவர் வேறொரு கொள்கையிலிருந்து தொடங்கினார்: ஒளி மிகக் குறைந்த நேரத்தில் போய்ச் சேரும் பாதையையே பிடிக்கும். இதை நம் ஊர் வழக்கில் எண்ணிப் பாருங்கள். மேட்டு நிலத்தில் ஒருவர் நிற்கிறார். அதை அடுத்து உழுது சேறாக்கிய நடவு வயல். வயலுக்குள், சற்றுத் தள்ளி ஒரு பக்கமாக, அவர் அவசரமாகப் போய்ச் சேர வேண்டிய இடம் இருக்கிறது. நேர்கோட்டில் ஓடுவாரா? மாட்டார். கால் புதையாத மேட்டில் கூடுதலாக ஓடி, சேற்றில் மிதிக்கும் தூரத்தைக் குறைத்துக்கொள்வார். அதற்காக வரப்பு வழியே கடைசி வரை போய் அங்கிருந்து செங்குத்தாகவும் இறங்கமாட்டார், சுற்று அதிகமாகிவிடும். இடையில் ஒரு புள்ளி இருக்கிறது, அங்கே இறங்கினால்தான் நேரம் மிகக் குறைவு. ஒளி அந்தப் புள்ளியில் இறங்குகிறது என்றார் ஃபெர்மா. 1662-இல் இந்தக் கணக்கை முடித்தபோது டெகார்டின் விதியிலிருந்து வேறுபட்ட ஒரு விதி கிடைக்கும் என்றே எதிர்பார்த்தார். கிடைத்ததோ அதே சைன் விதி! எந்த மனிதரின் வாதம் பிழை என்று அவர் உறுதியாக நம்பினாரோ, அதே மனிதரின் விதி அவருடைய கையிலேயே வந்து விழுந்தது. அறிவியல் வரலாற்றில் இதைப்போல் என்னைக் கட்டிப்போட்ட நிகழ்ச்சி அதிகம் இல்லை.

அடுத்து வந்த ஹைகன்ஸ் 1690-இல் வெளியிட்ட நூலில் ஒளியை அலையாக எடுத்துக்கொண்டார். சாய்வாக வரும் அலையின் முகப்பு நீர்ப்பரப்பைத் தொடுகிறது. ஒரு முனை முதலில் நீருக்குள் போய்விடுகிறது, மறு முனை இன்னும் காற்றில் இருக்கிறது. காற்றில் இருக்கும் முனை 4 சென்டிமீட்டர் நகரும் நேரத்தில் நீருக்குள் போன முனை 3 சென்டிமீட்டர்தான் நகர்கிறது. அப்படியானால் முகப்பு முழுவதும் திரும்பித்தானே ஆக வேண்டும்? எந்த விசையும் இழுக்கவில்லை, எதுவும் தள்ளவில்லை. வேகம் குறைந்தது, திசை மாறியது, அவ்வளவுதான். இங்கேயும் அதே சைன் விதி. ஆக, வழக்கு இப்படி நிற்கிறது. வெற்றிடத்தில் ஒளியின் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீட்டர். நீரில் அது 4 லட்சமாகக் கூடுகிறது என்பது நியூட்டன் கட்சி. 2,25,000 ஆகக் குறைகிறது என்பது ஃபெர்மா, ஹைகன்ஸ் கட்சி. வளைவை எத்தனை முறை, எவ்வளவு நுட்பமாக அளந்தாலும் இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாது. கோணம் இரண்டு கட்சிக்கும் ஒன்றேதான். வேகத்தைப் பற்றி வளைவு வாய் திறப்பதில்லை.

அப்படியானால் என்ன செய்ய வேண்டும்? இரண்டு கட்சியும் எங்கே பிரிகின்றனவோ அங்கே போய்ச் சோதிக்க வேண்டும். நீரில் ஒளி ஓடுவதைக் காற்றில் ஓடுவதோடு நேருக்கு நேர் பந்தயம் விட்டுப் பார்க்க வேண்டும். 1838-இல் பாரிஸில் அரகோ இந்தச் சோதனைக்கு வழி சொன்னார். அதைச் செய்து முடிப்பதற்குள் அவருடைய கண்பார்வை மங்கிவிட்டது. 1850-இல் லியோன் ஃபூக்கோ செய்து காட்டினார். அந்தக் கருவியைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். நடுவில் ஒரு சிறு கண்ணாடி. நீராவியின் விசையால் அது விநாடிக்கு நூற்றுக்கணக்கான முறை சுழல்கிறது. அதன் மேல் விழும் ஒளி தெறித்துப் போய், தொலைவில் அசையாமல் நிற்கும் ஒரு குழியாடியில் பட்டு, வந்த வழியே திரும்புகிறது. திரும்பி வருவதற்குள் சுழலும் கண்ணாடி ஒரு மயிரிழை திரும்பிவிட்டிருக்கும். அதனால் பிம்பம் சற்று விலகி விழும். எவ்வளவு தாமதமோ அவ்வளவு விலகல். ஃபூக்கோ இரண்டு வழிகளை அமைத்தார்: ஒன்று காற்று வழியே, மற்றது மூன்று மீட்டர் நீளமுள்ள நீர் நிரம்பிய குழாய் வழியே. மூன்று மீட்டர் நீரைப் போகவும் வரவும் கடப்பதில் ஏற்படும் தாமதம் எவ்வளவு தெரியுமா? ஒரு விநாடியைப் பதினைந்து கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு! அந்த ஒரு பங்கை எண்ணாக அளக்க அவர் முயலவில்லை. அதற்குத் தேவையும் இல்லை. எந்தப் பிம்பம் கூடுதலாக விலகுகிறது என்று பார்த்தால் போதும். நீர் வழியே வந்த பிம்பம் பச்சை கலந்து மங்கலாகத் தெரிந்தது. அந்தப் பச்சைப் பிம்பமே கூடுதலாக விலகி விழுந்தது. நீரில் ஒளி மெதுவாகத்தான் போகிறது! சில வாரங்களில் ஃபீசோவும் பிரெகேயும் தனியாகச் செய்து அதே முடிவைக் கண்டார்கள்.

இங்கே ஒரு மறுப்பு எழும். 1850-க்கு முன்பே யங்கும் ஃபிரெனலும் ஒளி அலைதான் என்று காட்டிவிட்டார்களே, பிறகு ஃபூக்கோவின் சோதனைக்கு என்ன பெருமை என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பெரும்பாலான அறிஞர்கள் அதற்குள் அலைக் கட்சிக்கு வந்துவிட்டார்கள் என்பது உண்மையே. ஆனால் அவர்கள் வந்தது வேறு சாட்சியங்களைக் கேட்டு. ஒளிவிலகல் என்ற இந்த வழக்கில் வேகம் கூடுகிறதா, குறைகிறதா என்பதை அதுவரை யாரும் கண்ணால் காணவில்லை. கண்டே தீர வேண்டும் என்று அரகோ பிடிவாதமாக நின்றாரே, அந்தப் பிடிவாதத்தைத்தான் நான் போற்றுகிறேன்.

இன்னொரு மறுப்பு ஃபெர்மாவின் காலத்திலேயே எழுந்தது. டெகார்டின் ஆதரவாளர் கிளெர்செலியே 1662-இல் கேட்டார்: எந்தப் பாதையில் நேரம் குறையும் என்று புறப்படும் முன்பே கண்டுகொள்ள ஒளிக்கு அறிவு இருக்கிறதா? இயற்கை முன்யோசனை செய்து நடக்கிறதா? ஃபெர்மாவால் இதற்கு முழு விடை சொல்ல முடியவில்லை. அலை என்ற கருத்துதான் விடை சொன்னது. ஒளி ஒரு பாதையைத் தேர்ந்தெடுப்பதே இல்லை; அலையாக எல்லாப் பாதைகளிலும் பரவுகிறது. நேரம் மிகக் குறைந்த பாதையை ஒட்டியிருக்கும் பாதைகளில் மட்டும் அலைகள் ஏறக்குறைய ஒரே கணத்தில் வந்து சேர்ந்து ஒன்றையொன்று வலுப்படுத்துகின்றன. மற்றப் பாதைகளில் வருபவை முன்னும் பின்னுமாக வந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. எஞ்சி நிற்பதைத்தான் நாம் ஒளிக்கதிர் என்கிறோம்.

மாணவர்கள் கேட்கத் துடிக்கும் கேள்வி ஒன்று இருக்கும். ஒளியின் வேகம் மாறாதது என்று ஐன்ஸ்டைன் சொன்னாரே, அது எப்படிக் கண்ணாடியில் குறையும்? மாறாதது வெற்றிடத்தில் ஒளியின் வேகம். கண்ணாடிக்குள் ஒளி நுழையும்போது அங்குள்ள அணுக்களின் எலக்ட்ரான்களை அது ஆட்டுகிறது. ஆடும் ஒவ்வொரு எலக்ட்ரானும் தன் பங்குக்குச் சிற்றலை ஒன்றை எழுப்புகிறது. வந்த அலையும் இந்தக் கோடானுகோடிச் சிற்றலைகளும் ஒன்றுகூடி, முகடுகள் பின்தங்கி நகரும் ஒரே அலையாகின்றன. அந்தக் கூட்டலையின் வேகமே நாம் காணும் வேகம். அணுக்கள் ஒளியை விழுங்கி, கொஞ்சம் வைத்திருந்து, பிறகு உமிழ்கின்றன, அதனால்தான் தாமதம் என்றும் பலர் சொல்லக் கேட்கிறோம். அது சரியானால் உமிழப்பட்ட ஒளி நாலா பக்கமும் சிதற வேண்டும். கண்ணாடி பால்போல் மங்கியிருக்க வேண்டும். கண்ணாடி தெளிவாக இருப்பதே அந்த விளக்கத்துக்கு மறுப்பு. சரி, மெதுவாகிவிட்ட ஒளி வெளியே வந்ததும் பழைய வேகத்தை எப்படி எட்டுகிறது, அதைத் தள்ளிவிட்டது யார்? துகளுக்குத்தான் அந்தத் தள்ளு வேண்டும். அலைக்கு வேண்டாம். பின்னிழுத்த எலக்ட்ரான்கள் முடிந்த இடத்தில் பின்னடைவும் முடிந்துவிடுகிறது.

அடர்த்தி கூடினால் வேகம் குறையும் என்று சுருக்கமாகச் சொல்லிவிடலாமா? காற்றைப் பொறுத்தவரை சொல்லலாம். வெயிலில் கொதிக்கும் தார்ச் சாலையை ஒட்டிய காற்று சூடேறி அடர்த்தி குறைகிறது. அங்கே ஒளி ஒரு துளி விரைவாகப் போவதால் பாதை மேல்நோக்கி வளைந்து, வானத்தின் ஒளி சாலையில் கானல் நீராகத் தெரிகிறது. அடிவானத்தில் காற்று மண்டலம் சூரியனை ஏறக்குறைய அரைப் பாகை தூக்கிக் காட்டுகிறது. சூரியனின் அகலமும் ஏறக்குறைய அரைப் பாகைதான். ஆகவே சூரியனின் கீழ் விளிம்பு கடலைத் தொடுவதாக நாம் காணும்போது, கணக்குப்படி ஏறக்குறைய முழுச் சூரியனும் மறைந்துவிட்டது! ஆனால் பொருள் மாறினால் அடர்த்திக் கணக்கு உதவாது. சமையல் எண்ணெய் நீரில் மிதக்கிறது; அடர்த்தி குறைவு. ஒளியையோ அது நீரைவிடக் கூடுதலாக வளைக்கிறது: நீருக்கு 1.33, எண்ணெய்க்கு 1.47 அளவு. சோதனைச்சாலைகளில் பயன்படும் சூடு தாங்கும் கண்ணாடிக் குழாயின் எண்ணும் கிட்டத்தட்ட அதே 1.47. அந்தக் குழாயை எண்ணெயில் முக்கிப் பாருங்கள், முக்கிய பகுதி கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். வேகம் மாறவில்லை என்றால் வளைவும் இல்லை, எதிரொளிப்பும் இல்லை. பார்ப்பதற்கு என்ன மிச்சம்?

கடைசி மறுப்புதான் மிகக் கடுமையானது. எக்ஸ் கதிர்களுக்கு உலோகத்தின் ஒளிவிலகல் எண் ஒன்றைவிட மிகச் சிறிதளவு குறைவு. அப்படியானால் உலோகத்துக்குள் அவற்றின் முகடுகள் வெற்றிடத்து ஒளியையும் முந்துகின்றன என்றாகிறது. இது நியூட்டன் கட்சிக்கு மறுவாழ்வு தருகிறதா? இல்லை. எலக்ட்ரான்கள் ஈடுகொடுக்க முடியாத விரைவில் அந்த அலை ஆடுவதால், அவை எழுப்பும் சிற்றலைகள் முகடுகளைப் பின்னிழுக்காமல் முன்தள்ளுகின்றன. ஆனால் முகட்டின் வேகம் வேறு, அலைத்தொகுதி செய்தியைச் சுமந்து செல்லும் வேகம் வேறு. இந்த வேறுபாடு வெறும் சமாளிப்பு இல்லை. 1880-களில் மைக்கல்சன் கார்பன் டைசல்பைடு என்ற திரவத்தில் ஒளியின் வேகத்தை நேராக அளந்தார். வளைவைக் கொண்டு பார்த்தால் வேகம் 1.64 மடங்கு குறைய வேண்டும். அவர் கண்டதோ 1.76 மடங்குக் குறைவு. அளவீடு பிழையில்லை. வளைவு சொன்னது முகட்டின் வேகத்தை. ஓட்டத்தில் அவர் அளந்தது தொகுதியின் வேகத்தை. எக்ஸ் கதிர் முகடுகள் முந்தினாலும் செய்தி முந்துவதில்லை. அதே சமயம், எண் ஒன்றுக்குக் கீழே இருப்பதால், உலோகப் பரப்பை உரசினாற்போல் வரும் எக்ஸ் கதிர் உள்ளே போகாமல் முழுவதுமாகத் திரும்பிவிடுகிறது. 1999-இல் விண்ணுக்குப் போன சந்திரா தொலைநோக்கி இந்த ஏற்பாட்டால்தான் பார்க்கிறது. அது நம் சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயரைத் தாங்கியிருப்பது நமக்கு இரட்டிப்பு மகிழ்ச்சி.

இவ்வளவு வாதமும் ஏட்டோடு போகும் வாதமா? இன்று உங்கள் செல்பேசிக்கு வரும் செய்திகளில் பெரும்பகுதி கடலடியிலும் நிலத்தடியிலும் கண்ணாடி இழைக்குள் ஒளியாகவே ஓடி வருகிறது. உள்ளிருக்கும் கண்ணாடியின் எண் சற்று உயர்வு, அதைச் சுற்றிய கண்ணாடியின் எண் சற்றுக் குறைவு. அதனால் சாய்வாக வரும் ஒளி வெளியேற முடியாமல் முழு அக எதிரொளிப்பால் உள்ளேயே ஓடுகிறது. 1954-இல் நரிந்தர் சிங் கபானி, லண்டனில் ஹாப்கின்ஸுடன் சேர்ந்து, இழைக்கட்டு வழியே பிம்பத்தையே கடத்திக் காட்டினார். 1966-இல் சார்லஸ் காவ், கண்ணாடியைத் தூய்மைப்படுத்தினால் தொலைதூரத்துக்கும் செய்தி அனுப்பலாம் என்று காட்டி, பின்னர் 2009-இல் நோபல் பரிசு பெற்றார். ஆனால் ஒளியை உள்ளே பூட்டிவைக்கும் அதே கண்ணாடி அதன் வேகத்தையும் பிடித்துவைக்கிறது. ஆயிரம் கிலோமீட்டரை வெற்றிடத்தில் ஒளி 3.3 மில்லி விநாடியில் கடக்கும்; இழையில் ஏறக்குறைய 5 மில்லி விநாடி ஆகிறது. நொடியின் சிறு துணுக்குக்கும் விலை வைக்கும் பங்குச் சந்தை நிறுவனங்கள் இதற்காகவே சிகாகோவுக்கும் நியூயார்க் வட்டாரத்துக்கும் இடையே கோபுரங்களை நட்டு, கண்ணாடியைத் தவிர்த்து, காற்று வழியே நுண்ணலைகளில் செய்தி அனுப்புகின்றன. இழை செய்பவர்களும் சும்மா இருக்கவில்லை. நடுவில் கண்ணாடியே இல்லாமல் உள்ளீடற்றதாக இழையை இழுத்து, அதன் நுண்துளைக் காற்றில் ஒளியை ஓடவிடுகிறார்கள். அந்த இழைகள் சில இடங்களில் ஏற்கெனவே பயன்பாட்டுக்கு வந்துவிட்டன.